பாடம் இலவசம், இறக்கினால் காசு: லயத்து வீட்டுக்கு எந்த வழி கட்டுப்படியாகும்?

அக்காள் மகள் இலங்கை மலையகத்து ஹட்டனில் உயர்தரம் படிக்கிறாள். வீடு நோர்வூட் பக்கம், பிரதான வீதியிலிருந்து இறங்கித் தேயிலைக்குள் நடந்தால் வரும் லயம், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள். அவளுடைய உயிரியல் ஆசிரியர் ஞாயிறு வகுப்பைப் பதிவு செய்து வட்ஸ்அப் குழுவில் இணைப்பாகப் போடுகிறார். பஸ்ஸுக்குக் காசில்லாமல் வகுப்பைத் தவறவிடும் தோட்டத்துப் பிள்ளைகளுக்காகவே இதைச் செய்கிறார், ஒரு சதம் வாங்குவதில்லை. ஆனாலும் அக்காள் வீட்டில் மாதத்துக்கு ஆறேழு தடவை ரீலோட் போட வேண்டியிருந்தது.

"மாமா, நேற்றுப் பின்னேரம் போட்ட காசு இன்று காலையில் இல்லை. நான் ஒரு பாடம்தான் இறக்கினேன்" என்றாள். முதலில் நான் நம்பவில்லை. இரவில் யூடியூப் பார்த்திருப்பாள் என்று நினைத்தேன். அதற்காக இன்றும் வருந்துகிறேன். அவளிடம் ஒரு சீ.ஆர். கொப்பியைக் கொடுத்து, ஒவ்வொரு முறையும் இறக்குவதற்கு முன் மீதி எவ்வளவு, பின் எவ்வளவு என்று எழுதச் சொன்னேன். ஐந்து வாரம் எழுதினாள். அந்தக் கொப்பியை வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். 2024இல் நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டபோது, அந்தச் சம்பளத்தில் வாழ்ந்த வீட்டுக்குக் காரணம் தெரியாமல் போகும் முந்நூறு ரூபா என்பது ஏறத்தாழக் கால்நாள் மலையேறிய கூலி.

வழிகளை ஒப்பிடுவதற்கு முன் அளவைப் பார்த்துவிடலாம். ஒரு மணி நேரக் காணொளி 360 தரத்தில் (படத்தின் தெளிவைச் சொல்லும் எண் அது) ஏறத்தாழ 300 எம்பி பிடிக்கும். அதே காணொளி 720 தரத்தில் ஒரு ஜிபியைத் தாண்டிவிடும். தரத்தை நாம் தெரிவு செய்யாவிட்டால், நல்ல சிக்னல் கிடைக்கும் நேரத்தில் செயலி தானாகவே உயர்த்திக்கொள்ளும். சின்னத் திரையில் ஆசிரியரின் குரலும் கரும்பலகை எழுத்தும் விளங்க 360 போதும். கலத்தின் படம், பூவின் குறுக்குவெட்டு போன்றவற்றுக்கு மட்டும் 480 தேவைப்பட்டது. வினாத்தாள்கள் சில எம்பிதான், அவற்றால் யாரும் நொடித்துப் போவதில்லை.

முதல் வழி, நாள் பெக்கேஜ். கடையில் கேட்டவுடன் கிடைக்கும், விலையும் சின்னது. அதனால்தான் அக்காள் வீடு போன்ற வீடுகள் அதை விரும்புகின்றன. கையில் இருக்கும் காசுக்கு அன்றைய டேட்டா, அன்றைய அரிசி மாதிரி. ஆனால் ஒரு ஜிபிக்கு என்ன விலை என்று வகுத்துப் பார்த்தால், நான் பார்த்த நாள் பெக்கேஜ்கள் எல்லாமே மாதப் பெக்கேஜைவிடக் கூடுதல். இதைவிடப் பெரிய கோளாறு இன்னொன்று. பெக்கேஜ் முடிந்ததும் இணைப்பு நிற்பதில்லை, சிம்மில் ரூபா மீதி இருந்தால் அதிலிருந்து சாதாரணக் கட்டணத்தில் வெட்டத் தொடங்குகிறது. அக்காள் மகளின் காசு காணாமல் போன முதல் இரவில் நடந்தது இதுதான். பாடம் முக்கால்வாசி இறங்கியிருந்தபோது பெக்கேஜ் தீர்ந்தது, மிச்சக் கால்வாசி ரூபாவைத் தின்றது. முடிந்துவிட்டதென்று குறுஞ்செய்தி வந்திருக்கிறது, ஆங்கிலத்தில். நிறுவனத்துக்கு அழைத்துக் கேட்டால் செய்திகளைத் தமிழுக்கு மாற்றித் தருகிறார்கள். அதை அன்றைக்கே செய்தோம். கூடவே கைத்தொலைபேசியின் அமைப்புகளில் டேட்டா வரம்பு ஒன்றைப் போட்டோம். அண்ட்ரொய்டில் அந்த வரம்பை எட்டியதும் தொலைபேசியே டேட்டாவை நிறுத்திவிடும்.

இங்கே நம் மலைகளைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. அவளுக்குச் சிக்னல் கிடைப்பது மாடசாமி கோயிலுக்குப் பின்னால் இருக்கும் கல்லின் மேல். பின்னேரம் ஐந்து மணிக்கு ஏறி உட்கார்ந்து, தொலைபேசியைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு இறக்குவாள். கொப்பியில் இரண்டாம் வாரம் இப்படி இருக்கிறது: "280 எம்பி பாடம். 83 வீதத்தில் நின்றது. மூடுபனி. திரும்பவும் 0இலிருந்து. முடிந்தது. வெட்டியது 520 எம்பி." பாதியில் அறுந்த பதிவிறக்கம் விட்ட இடத்திலிருந்து தொடருமா, முதலிலிருந்து தொடங்குமா என்பது கோப்பு வைக்கப்பட்டிருக்கும் தளத்தைப் பொறுத்தது. முதலிலிருந்து தொடங்கினால், ஏற்கெனவே வந்து சேர்ந்த அத்தனை எம்பிக்கும் கணக்கு ஏறியேதான் இருக்கும். நிறுவனம் எண்ணுவது கோப்பையல்ல, அந்தச் சிம் வழியாகப் போய்வந்த டேட்டாவை. கொழும்பில் இருப்பவருக்கு இது எப்போதோ நடக்கும் தொல்லை. பள்ளத்து லயத்தில் இருப்பவருக்கு இது வாராந்தச் செலவு. ஒரே பெக்கேஜை ஒரே விலைக்கு வாங்கினாலும் இருவரும் ஒரே சரக்கை வாங்கவில்லை.

இரண்டாவது வழி, வட்ஸ்அப்புக்கு என்றோ யூடியூபுக்கு என்றோ தனியாக விற்கப்படும் பெக்கேஜ். பேசுவதற்கும் செய்தி அனுப்புவதற்கும் இது மலிவு என்பதை ஒப்புக்கொள்கிறேன். படிக்கும் பிள்ளைக்கு இதை வாங்கிக் கொடுக்காதீர்கள். ஆசிரியர் அனுப்பும் இணைப்பு வட்ஸ்அப்புக்குள் தெரிகிறது. அதைத் தொட்டதும் வேறொரு தளம் திறக்கிறது. அந்த நொடியிலிருந்து ஓடுவது வட்ஸ்அப் டேட்டா அல்ல. பிள்ளை வட்ஸ்அப்பில்தான் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கும், ரூபா மீதி கரையும். கோப்பையே குழுவில் ஏற்றும்படி ஆசிரியரிடம் கேட்கலாம், ஆனால் தாம் செய்யும் உதவிக்கு மேல் அவரை வேலை வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

மூன்றாவது, பகலுக்கு ஒரு பங்கும் இரவுக்கு ஒரு பங்குமாகப் பிரித்துத் தரும் மாதப் பெக்கேஜ். விளம்பரத்தில் இரண்டையும் கூட்டிப் பெரிய எழுத்தில் போடுவார்கள். வாங்குகிறவர் அத்தனை ஜிபியும் எப்போதும் கிடைக்கும் என்று எண்ணிக்கொள்கிறார். இரவுப் பங்கு நள்ளிரவு 12 மணிக்குப் பிறகுதான் திறக்கும். காலையில் எத்தனை மணிக்கு மூடுகிறது என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும், கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். மாதம் என்பதும் முப்பது நாள்தான், முதலாம் திகதியிலிருந்து கணக்கில்லை. மாதக் கட்டண இணைப்பாக இருந்தால் வரியையும் பாருங்கள். 2024 ஜனவரியிலிருந்து வற் வரி 18 வீதம். அறிவித்த விலைக்குள் அது அடங்குமா, மேலதிகமா என்று கேட்காமல் கையெழுத்திட வேண்டாம்.

இத்தனை குறை சொல்லியும், கைத்தொலைபேசி ஒன்றே இருக்கும் வீட்டுக்கு நான் சொல்வது இந்த மூன்றாவதைத்தான். காரணம் இரவு. நொடிக்கு ஒரு மெகாபிட் வேகம் கிடைத்தால்கூட 300 எம்பி இறங்க நாற்பது நிமிடம் போதும். கல்லின் மேல் நாற்பது நிமிடம் கைதூக்கி நிற்க முடியாது, ஜன்னல் கட்டையில் தொலைபேசியை வைத்துவிட்டுத் தூங்கலாம். எங்கள் லயத்தில் கிழக்குப் பார்த்த ஜன்னலில் இரவில் ஓரளவு சிக்னல் வருகிறது, அந்நேரம் வலையமைப்பில் நெரிசலும் குறைவு. கொப்பியின் கடைசி இரண்டு வாரங்களில் கோப்பின் அளவுக்கும் வெட்டிய அளவுக்கும் பெரிய வித்தியாசமே இல்லை.

நான்காவது, சிம் போடும் 4ஜி ரவுட்டர். பைபர் இணைப்பு எட்டாத தோட்டங்களில் கொஞ்சம் வசதியான வீடுகள் இதை வாங்குகின்றன. பிள்ளைகள் மூன்று பேர் என்றால் இது நல்ல முடிவாக இருக்கலாம். ஆனால் மற்ற எந்த வழியிலும் இல்லாத ஒரு பொறி இதில் இருக்கிறது, அதை யாரும் விற்கும்போது சொல்வதில்லை. தொலைபேசிக்கு வைபை என்றால் இலவசம் என்று அர்த்தம். ரவுட்டருக்குள் இருப்பதும் காசு கொடுத்து வாங்கிய சிம்தான் என்பது அதற்குத் தெரியாது. ஆகவே வைபையைக் கண்டதும் செயலிகளைப் புதுப்பிக்கத் தொடங்குகிறது. வட்ஸ்அப் இயல்பான அமைப்பில் மொபைல் டேட்டாவில் படங்களை மட்டுமே தானாக இறக்கும், வைபையில் காணொளி, ஒலிக்கோப்பு எல்லாவற்றையும் இறக்கும். திருவிழாக் காணொளி, காலை வணக்கப் படம், யாரோ அனுப்பிய சமையல், அத்தனையும். கூகுள் போட்டோஸில் காப்புப் பிரதி போட்டிருந்தால் அது படங்களை மேலே ஏற்றவும் ஆரம்பிக்கும். ஏற்றுவதும் டேட்டாதான்.

டிக்கோயாவில் இருக்கும் என் நண்பர் வீட்டில் மாதப் பெக்கேஜின் பகல் பங்கு எட்டு நாளில் முடிந்தது. பிள்ளைகளை அடிக்காத குறை. நான் போய்ப் பார்த்தபோது வீட்டில் நான்கு தொலைபேசிகளும் ஆளுக்கொரு பக்கம் புதுப்பித்துக்கொண்டிருந்தன. அண்ட்ரொய்டில் அந்த வைபையின் பெயரைத் தொட்டு, உள்ளே அதை அளவிடப்படும் இணைப்பாக மாற்றிவிட்டால் பின்னணியில் நடக்கும் பெரிய வேலைகள் அடங்கிவிடும். நான்கு தொலைபேசிகளிலும் மாற்றி, வட்ஸ்அப்பில் தானாக இறக்குவதையும் நிறுத்த எங்களுக்குக் கால்மணி நேரம்கூடப் பிடிக்கவில்லை.

ஐந்தாவது வழியை டேட்டா விற்பவர்கள் யாரும் போட்டியாக நினைக்கமாட்டார்கள்: ஹட்டன் டவுனில் இருக்கும் கொமியூனிகேஷன் கடை. மெமரி சிப்பைக் கொடுத்தால் கடைக்கார அண்ணன் தன் கணினியில் பாடத்தை இறக்கிப் பதிந்து தருகிறார். பதிந்த பாடங்களின் பெயரை ஒரு துண்டுக் கடதாசியில் பென்சிலால் எழுதி, சிப்போடு சேர்த்து மடித்துக் கொடுக்கும் பழக்கம் அவருக்கு. சொன்ன விலைதான் விலை, பிறகு எதுவும் வெட்டப்படாது. ஒரு தவணைக்குரிய பாடங்களை மொத்தமாக எடுக்க இதைவிட மலிவு இல்லை. பஸ் கட்டணம் கொடுத்து இதற்கென்றே தனியாகப் போனால் கட்டாது, எப்படியும் டவுனுக்குப் போகும் சம்பள நாளோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். நேற்றைய பாடம் இன்றைக்கே வேண்டுமென்றாலும் இது உதவாது. சிப்பில் குடும்பப் படங்கள் இருந்தால் முதலில் எடுத்துவிட்டுக் கொடுங்கள், முக்கியமாகப் பெண்பிள்ளைகள்.

இவை எல்லாவற்றுக்கும் வெளியே இன்னொரு வெட்டு இருக்கிறது. கொப்பியில் மூன்றாம் வாரம் முழுக்க, டேட்டா குறையாமல் ரூபா மட்டும் தினமும் கொஞ்சம் குறைந்திருந்தது. கடந்தகால வினாத்தாள் தேடி அவள் போன ஏதோ ஒரு தளத்தில் பச்சை நிறத்தில் பெரிய பதிவிறக்கப் பொத்தான் இருந்திருக்கிறது. அது வினாத்தாளுக்கான பொத்தான் அல்ல, விளம்பரம். அதை அழுத்தியதில் நாளாந்தக் கட்டணச் சேவை ஒன்று சிம்மில் ஏறிவிட்டது. மொபைல் டேட்டாவில் இருக்கும்போது எந்தச் சிம்மிலிருந்து வருகிறோம் என்பது நிறுவனத்துக்குத் தெரிவதால், இலக்கத்தைக்கூடத் தட்டாமல் இப்படிச் சேர்த்துவிட முடிகிறது. நிறுவனத்துக்கு அழைத்து, சிம்மில் என்னென்ன சேவைகள் ஓடுகின்றன என்று ஒவ்வொன்றாக வாசிக்கச் சொல்லி நீக்கினோம். போன காசு திரும்பவில்லை. பிள்ளை தொட்ட ஒரு பொத்தானைச் சம்மதம் என்று கொள்வது அநியாயம். 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ் அமைந்த ஒழுங்குமுறை ஆணைக்குழுவுக்கு முறைப்பாட்டை எழுதி அனுப்பியிருக்கிறேன். கொப்பியின் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து இணைத்தேன்.

வினாத்தாளுக்கு அவள் இப்போது அந்தத் தளங்களுக்குப் போவதில்லை. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் தமிழ்மொழிமூல வினாத்தாள்கள் இருக்கின்றன. பாடநூல்களைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்திலிருந்து எடுக்கலாம். சம்பள நாளில் அக்காள் சிப்பைக் கொண்டுபோய்த் தவணைப் பாடங்களைப் பதிந்து வருகிறாள். இடையில் வரும் ஞாயிறு வகுப்புக்கு மட்டும் இரவுப் பங்கு. பன்னிரண்டே காலுக்கு மணி வைத்து எழுந்து, 360ஐத் தெரிவு செய்து, தொலைபேசியை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுத் திரும்பப் படுத்துக்கொள்கிறாள். பன்னிரண்டுக்கே தொடங்காமல் கால்மணி நேரம் விடுவது ஏன் என்று கேட்டேன். தொலைபேசியின் மணிக்கூடு முன்னே ஓடினால் பகல் பங்கில் வெட்டிவிடும் என்றாள்.