ஐந்து வருஷம், ஏழு ஜோடி ஷூ, ஒரு குதிகால்

காலையில் கட்டிலிலிருந்து இறங்கி வைக்கும் முதல் அடியில் குதிகாலுக்குக் கீழே ஆணி நட்டு வைத்ததுபோல ஒரு குத்து. நாலைந்து அடி நொண்டினால் குறையும், பத்து நிமிஷத்தில் மறந்தே போகும். மறுநாள் காலை மறுபடியும் அதே குத்து. "அட, எனக்கும் இப்படித்தானே" என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடி வரைக்கும் பாதத்துக்குக் கீழே தடித்த நார்ப்பட்டை ஒன்று போகிறது. அது நொந்துபோவதைத்தான் பிளாண்டர் ஃபேசியைடிஸ் என்கிறார்கள். இரவெல்லாம் சும்மா கிடந்து இறுகிய பட்டை முதல் அடியில் வெடுக்கென்று இழுபடுகிறது, அதுதான் குத்து. போதாததற்கு என் வலது பெருவிரல் மூட்டு புடைத்து, விரல் பக்கத்து விரலைப் பார்த்துச் சாய்ந்திருக்கிறது. மருத்துவர் அதைப் 'பனியன்' என்றபோது, சட்டைக்குள் போடுவதற்கும் காலுக்கும் என்ன சம்பந்தம் என்று விழித்தேன்.

முதலில் வாங்கியது மெமரி ஃபோம் போட்ட ஜோடி. கடையில் கால் வைத்ததுமே பஞ்சு மெத்தை மாதிரி இருந்தது, வேறு எதையும் போட்டுக்கூடப் பார்க்காமல் வாங்கிவிட்டேன். மூன்று வாரம் நன்றாகத்தான் போனது. அப்புறம் குதிகால் பதியும் இடத்தில் குழி விழுந்து, அது மேலே எழும்பவே இல்லை. உள்அட்டையை எடுத்துப் பார்த்தால் அந்த இடம் அப்பளம் போல மெலிந்து, கீழே கெட்டியான அட்டை தட்டுகிறது. முன்னையும் பின்னையும் பிடித்து முறுக்கினால் ஈரத்துண்டு பிழிவதுபோல முழு ஷூவும் முறுகிக்கொண்டது. இவ்வளவு நெகிழ்ந்தால் பாதத்தை யார் தாங்குவது? நாலாவது மாதம் தூக்கிப் போட்டேன். ஐந்து நிமிஷம் கடையில் நிற்கும்போது தெரியும் மென்மைக்கும், ஐந்து மணி நேரம் நின்ற பிறகு தெரியும் சுகத்துக்கும் சம்பந்தம் குறைவு என்று அப்போதுதான் புரிந்தது.

இப்போதெல்லாம் காலில் போடும் முன்பே கையில் எடுத்து மூன்று இடம் பார்ப்பேன். குதிகாலைப் பின்னாலிருந்து பிடிக்கும் கிண்ணத்தை இரண்டு விரலால் அழுத்தினால் சட்டென்று அமுங்கக் கூடாது. மூக்கைத் தூக்கி வளைத்தால் விரல்கள் மடங்கும் இடத்தில்தான் மடங்க வேண்டும், நடுவில் மடங்கினால் வேண்டாம். முறுக்கினால் கொஞ்சம் முரண்டு பிடிக்க வேண்டும்.

இரண்டாவது ஜோடியில் செய்தது வேறு தப்பு. மூட்டுப் புடைப்பை இடிக்கிறதே என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்கினேன். ஷூ எண்ணில் ஒன்று கூடினால் நீளம் ஏறுகிறது. பிரிட்டிஷ் அளவில் அது மூன்றில் ஒரு அங்குலம், கிட்டத்தட்ட எட்டரை மில்லிமீட்டர். எனக்கு வேண்டியிருந்தது அகலம், அது இம்மிதான் கூடியது. விளைவு, புடைப்பை இடிப்பதும் நிற்கவில்லை, பின்னால் குதிகால் வேறு ஏறி இறங்கிக் கொப்புளம். கடைக்காரர் "போடப் போடச் சரியாயிடும்" என்றார். தோல் செருப்பு கடித்தால் அப்படிச் சொல்லலாம். எலும்பு புடைத்த இடத்தில் ஷூ கடித்தால், போடப் போடக் கால்தான் மோசமாகும்.

அகலத்துக்குத் தனி எழுத்து இருப்பதே அதற்குப் பிறகுதான் தெரிந்தது. அமெரிக்க முறையில் ஆண்களுக்கு 'டி' சாதாரணம், '2ஈ' அகலம், '4ஈ' இன்னும் அகலம். பெண்களுக்கு 'பி' சாதாரணம், 'டி' அகலம். எல்லா மாடலிலும் கிடைக்காது, கேட்டால்தான் உள்ளேயிருந்து எடுத்து வருவார்கள்.

அதற்குப் பிறகு என்னை ஒருபோதும் ஏமாற்றாத சோதனை ஒன்று உண்டு. ஷூவுக்குள் இருக்கும் உள்அட்டையை உருவித் தரையில் போட்டு, அதன் மேல் ஏறி நில்லுங்கள், உட்காராதீர்கள். எடை இறங்கும்போதுதான் பாதம் விரியும். விரலோ புடைப்போ அட்டையின் ஓரத்தைத் தாண்டி வழிந்தால், உள்ளே அந்த இடம் ஷூவின் சுவரோடு சண்டை போடப்போகிறது என்று அர்த்தம். மிக நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். சிலருக்குப் பெருவிரலைவிட அடுத்த விரல் நீளம், அதையும் பாருங்கள். இரண்டு காலையும் வைத்துப் பார்க்க வேண்டும். என் இடது கால் கொஞ்சம் பெரியது, இத்தனை வயசுக்கு அது எனக்கே தெரியாது. சாயங்காலம் போவது நல்லது, பகலெல்லாம் நின்று நடந்த கால் அப்போது சற்று வீங்கியிருக்கும். வழக்கமாகப் போடும் சாக்ஸையும் கொண்டுபோங்கள்.

இப்படிப் பார்த்து வாங்கிய மூன்றாவது ஜோடிதான் முதல் வெற்றி. குதிகால் ஓரளவு உயர்ந்து, அடிப்பாகம் கெட்டியாக, விரல் பக்கம் அகன்று இருந்தது. அழகு என்று சொல்ல மாட்டேன், வாத்துக் கால் மாதிரி இருக்கும். ஆறு வாரத்தில் காலைக் குத்து பாதியானது. கெண்டைக்கால் தசையை நீட்டும் பயிற்சியையும் தினமும் செய்துகொண்டிருந்தேன், எல்லாப் புகழும் ஷூவுக்கே என்று சொல்ல மனசு வரவில்லை. அதே மாடலில் நாலாவதும் வாங்கினேன்.

ஐந்தாவதில்தான் வயிற்றெரிச்சல். அதே பெயர், அதே சைஸ், பெயருக்குப் பின்னால் எண் மட்டும் ஒன்று கூடியிருந்தது. நம்பி, போட்டுப் பார்க்காமல் வரவழைத்தேன். விரல் பக்கம் குறுகிவிட்டது! பிடித்த மாடலை மொத்தமாக வாங்கி அடுக்கலாமா என்றும் யோசித்தேன். அதுவும் சரிவராது, பாலியூரிதேன் என்ற பிளாஸ்டிக் நுரையில் அடிப்பாகம் போட்டவை வருஷக்கணக்கில் சும்மா கிடந்தால் காற்றின் ஈரத்திலேயே உதிர்ந்துபோகும்.

ஆறும் ஏழும் இப்போது மாற்றி மாற்றிப் போடுபவை. ஒரு நாள் போட்டால் மறுநாள் அதற்கு ஓய்வு, வியர்வையும் காயும். ஓட்டக்காரர்கள் 500 முதல் 800 கிலோமீட்டருக்குள் ஷூ மாற்றுவார்கள். நான் நடப்பதோடு சரி, தினமும் இரண்டு இரண்டரை கிலோமீட்டர். ஒரே ஜோடியைத் தினமும் போட்ட காலத்தில் பத்தாவது மாதம் வாக்கில் குதிகால் முணுமுணுக்கத் தொடங்கிவிடும். மேலே பார்த்தால் புதுசு மாதிரிதான் இருக்கும். பக்கவாட்டில் அடிப்பாகத்தின் நுரையைப் பாருங்கள், குறுக்கே மெல்லிய சுருக்கங்கள் விழுந்திருந்தால் அது அமுங்கிவிட்டது. மேசையில் வைத்துப் பின்னாலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் சாய்ந்தும் நிற்கும்.

கயிறு கட்டுவதையும் சொல்ல வேண்டும். புடைப்புக்கு நேராக இருக்கும் ஓட்டையில் கயிற்றைக் குறுக்கே விடாமல், அதே பக்கம் நேராக மேலே ஏற்றிவிடுவேன். அந்த இடம் தளர்ந்து கொடுக்கும். பைசா செலவில்லை.

தனியாக விற்கும் உள்அட்டைகளில் மூன்று வகை பார்த்தேன். வளைவைத் தாங்கும் கெட்டியானது ஒன்று உதவியது, ஜெல் இரண்டும் வழுக்கியதுதான் மிச்சம்.

சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் என் கணக்கை எடுத்துக்கொள்ள வேண்டாம். ஷூ கடிப்பதே தெரியாமல் புண்ணாகிவிடும்; மருத்துவரைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும், ஒவ்வொரு முறையும் போடும் முன் உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும்.

ஏழாவது ஜோடியின் நுரையில் போன வாரம் முதல் சுருக்கம் தெரிந்தது. நாலாவது ஜோடியின் உள்அட்டையை எடுத்துப் பையில் வைத்திருக்கிறேன். அடுத்த முறை கடையில் எண்ணைச் சொல்லப்போவதில்லை, இதை நீட்டி "இவ்வளவு அகலம் இருக்கா?" என்றுதான் கேட்கப்போகிறேன்.