சுருக்கப் பதிப்பா, சிறுகதையா, குறுநாவலா? ஆங்கிலம் பழகுவோருக்கான முதல் செவ்விலக்கியம்

பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்துவிட்டுக் கல்லூரியில் வணிகவியலை ஆங்கிலத்தில் படிக்க நேர்ந்த என் அக்கா மகள், சென்ற ஆண்டு ஒருநாள், “கிராமர் புக் வேண்டாம் மாமா, கதையா ஒண்ணு சொல்லுங்க. ஆனா சின்னப் பிள்ளைங்க கதை வேண்டாம்” என்றாள். அவளுடைய தோழியர் இருவரும் சேர்ந்துகொள்ள, ஞாயிறுதோறும் காலையில் ஒன்றரை மணி நேரம் எங்கள் வீட்டில் உட்கார்ந்து வாசிப்பது என்று முடிவாயிற்று. எதை வாசிப்பது என்பதில்தான் மூன்று வாரங்கள் கழிந்தன. படிநிலைப்படுத்தப்பட்ட சுருக்கப் பதிப்புகள், புகழ்பெற்ற சிறுகதைகள், சுருக்கப்படாத குறுநாவல்கள் என்று மூன்று வழிகள் எங்கள் முன் இருந்தன. ஒவ்வொன்றிலும் சில பக்கங்களை மூவரையும் உரக்க வாசிக்கச் செய்து பார்த்த பிறகு, ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘அனிமல் ஃபார்ம்’ நாவலைத் தேர்ந்தோம். அந்தத் தேர்வின் பக்கம் நான் சாய்ந்திருப்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

புத்தகம் சிறியதாக இருக்க வேண்டும், விலை கைக்கு அடங்க வேண்டும், கதை வளர்ந்தவர்களுக்கு அலுப்பூட்டக் கூடாது என்பவற்றை எவரும் அறிவர். ஆனால் சிறியது என்பதும் எளியது என்பதும் ஒன்றல்ல. டிக்கன்ஸின் ‘எ கிறிஸ்மஸ் கேரல்’, ஹெமிங்வேயின் ‘தி ஓல்ட் மேன் அண்ட் தி சீ’, ‘அனிமல் ஃபார்ம்’ ஆகிய மூன்றும் ஏறத்தாழ முப்பதாயிரம் சொற்களுக்குள் அடங்குபவை. எனினும் 1843இல் வெளிவந்த முதலாவதில் ஒரு வாக்கியம் முடிவதற்குள் அதன் எழுவாய் மறந்துபோகிறது. தடிமனைப் பார்த்துப் புத்தகம் எடுப்பவர்கள் இங்கேதான் வழுக்குகிறார்கள்.

சுருக்கப் பதிப்புகளை நான் இகழ மாட்டேன். நம்மில் பலர் பள்ளியில் நான்-டீடெயில் என்ற பெயரில் படித்தவை இந்த வகையைச் சேர்ந்தவையே. மிகுதியாக வழங்கும் சொற்களை எண்ணியெடுத்து, அவற்றுக்குள் அடங்கும்படி பாடநூல்களை எழுதும் முறைக்கு வழிவகுத்தவர்களில் ஒருவரான மைக்கேல் வெஸ்ட், டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஒன்றில் பணியாற்றியபோது, வங்காளத்து மாணவர்களைக் கண்முன் வைத்தே அதை உருவாக்கினார். அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும், ஏறத்தாழ 2000 சொற்கள் கொண்ட பட்டியல் 1953இல் வெளிவந்தது. இன்று பரவலாகக் கிடைக்கும் ஆக்ஸ்ஃபோர்டு புக்வாம்ஸ் வரிசையில் முதல் நிலை 400 அடிப்படைச் சொற்களிலும் ஆறாம் நிலை 2500 சொற்களிலும் அமைந்திருக்கின்றன. தன்னால் ஓர் ஆங்கிலப் புத்தகத்தைக் கடைசிப் பக்கம் வரை வாசிக்க முடியும் என்ற துணிவைத் தருவதில் இவற்றுக்கு ஈடு கிடையாது.

குறை வேறிடத்தில் இருக்கிறது. ஒன்றே முக்கால் லட்சம் சொற்களுக்கும் மேல் நீளும் ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ ஒரு மெல்லிய புத்தகமாக ஆகும்போது நிகழ்ச்சிகள் எஞ்சுகின்றன, ஆனால் அவற்றைச் சொன்ன குரல் போய்விடுகிறது. தோழியரில் ஒருத்தி இரண்டு சுருக்கப் பதிப்புகளை அடுத்தடுத்து வாசித்துவிட்டு, இரண்டையும் ஒரே ஆள் எழுதியதுபோல் இருக்கிறது என்றாள். ஒன்று டிக்கன்ஸ், மற்றொன்று ஜேன் ஆஸ்டின்!

சிறுகதைகளில் நான் நம்பி ஏமாந்தது ஓ. ஹென்றியின் ‘தி கிஃப்ட் ஆஃப் தி மேஜாய்’. ஒரு டாலர் எண்பத்தேழு சென்ட், அவ்வளவுதான் என்று தொடங்கும் அந்தக் கதையின் முதல் வரி எவருக்கும் விளங்கும். அதே பத்தியில் கஞ்சத்தனத்தைக் குறிக்கும் ‘பார்சிமனி’, குற்றச்சாட்டைக் குறிக்கும் ‘இம்ப்யூட்டேஷன்’ என்ற சொற்கள் நிற்கின்றன. அடுத்த சில வரிகளுக்குள் பிச்சையெடுத்தலைக் குறிக்கும் ‘மென்டிகன்சி’ வந்துவிடுகிறது. மூன்றையும் அகராதியில் தேடி எழுதிக்கொண்ட பிறகு, கதை முடியும் வரை அவை மீண்டும் தலைகாட்டவில்லை. ஆஸ்கார் வைல்டின் ‘தி ஹாப்பி பிரின்ஸ்’ இதற்கு நேர்மாறானது. அதில் இளவரசனின் சிலை, குருவியை ஒரே அழைப்பால் திரும்பத் திரும்ப அழைக்கிறது. ‘ஸ்வாலோ’ என்றால் விழுங்குவது என்று மட்டும் அறிந்திருந்த என் அக்கா மகள், “யாரு மாமா எதை முழுங்குறாங்க?” என்று கேட்டாள். அது தகைவிலான் குருவி என்று நான் சொன்னேன். அந்தப் பக்கம் முடியும் முன்பே பறவை அவள் மனத்தில் ஒட்டிக்கொண்டது.

என் தேர்வைத் தீர்மானித்ததும் இந்த வேறுபாடுதான்: ஒருமுறை அகராதியில் பார்த்த சொல், அந்தப் புத்தகத்தில் மீண்டும் எத்தனை முறை எதிர்ப்படுகிறது? நூறு சொற்களில் 98 தெரிந்திருந்தால்தான் பிறர் துணையின்றி ஓரளவு தடையில்லாமல் வாசிக்க முடியும் என்பது சொல்லறிவு ஆய்வாளர்கள் பலர் ஏற்றுக்கொண்டுள்ள கணக்கு. அந்த நல்ல நிலையிலுங்கூட, 300 சொற்கள் கொண்ட ஒரு பக்கத்தில் ஆறு புதிய சொற்கள் வரும். எங்கள் வீட்டு வாசகியருக்கு அது பக்கத்துக்குப் பதினைந்து, இருபது என்று இருந்தது. அகராதியைப் புரட்டுவது செலவு. அதே சொல் மறுபடி வரும்போது தடையின்றிக் கடந்து செல்வது வரவு. சிறுகதைத் தொகுதியில் பத்துப் பக்கத்துக்கு ஒருமுறை ஊர், தொழில், மனிதர்கள் எல்லாம் மாறிவிடுவதால், கணக்கை ஒவ்வொரு கதைக்கும் புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கிறது. ஒரே இடத்தில் நடக்கும் குறுநாவலில் முதல் நாற்பது பக்கங்களின் செலவை மீதிப் பக்கங்கள் திருப்பித் தருகின்றன.

‘அனிமல் ஃபார்ம்’ முழுக்க ஒரு பண்ணையில் நடக்கிறது. முதலாளியைத் துரத்திவிட்டு விலங்குகளே நடத்தும் அந்தப் பண்ணையில், மெல்ல மெல்லப் பன்றிகள் அதிகாரத்தைக் கைப்பற்றுகின்றன. வைக்கோல், அறுவடை, குளம்பு, சேணம், தோழர், புரட்சி ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்கள் முதல் இரண்டு அத்தியாயங்களிலேயே நோட்டில் ஏறிவிட்டன. ஐந்தாம் அத்தியாயத்தில் வரும் காற்றாலை, அதன் பிறகு கட்டப்படுகிறது, புயலில் இடிகிறது, மீண்டும் எழுகிறது, வெடிவைத்துத் தகர்க்கப்படுகிறது, மறுபடியும் கட்டப்படுகிறது. ‘விண்ட்மில்’ என்ற சொல்லை மறக்க நினைத்தாலும் அந்த நாவல் விடாது.

இதைவிட முக்கியமானது, திரும்ப வருபவை சற்றே மாறி வருவதும் அந்த மாற்றத்திலேயே கதை நகர்வதும் ஆகும். விலங்குகள் தார் பூசிய சுவரில் ஏழு கட்டளைகளை வெள்ளை எழுத்தில் எழுதிவைக்கின்றன. எந்த விலங்கும் கட்டிலில் உறங்கலாகாது என்பது அவற்றில் ஒன்று. பன்றிகள் கட்டிலில் உறங்கத் தொடங்கியதும் அதன் கடைசியில் ‘வித் ஷீட்ஸ்’, அதாவது விரிப்புடன், என்ற இரண்டு சொற்கள் முளைத்திருக்கின்றன. கொலைக்கு எதிரான கட்டளையோடு ‘வித்தவுட் காஸ்’, அதாவது காரணமின்றி, என்பதும் மதுவுக்கு எதிரானதோடு ‘டு எக்ஸெஸ்’, அதாவது அளவுக்கு மீறி, என்பதும் பின்னர் சேர்கின்றன. சிற்றிடைச் சொல் எதுவானால் என்ன என்று ‘வித்’, ‘டு’ எல்லாவற்றையும் தாண்டி ஓடும் பழக்கம் நம் பிள்ளைகளுக்கு உண்டு. நானும் அப்படி ஓடியவன்தான். இந்த நாவலில் அவற்றைத் தாண்டி ஓடினால் அநியாயம் கண்ணில் படாது. எட்டாம் அத்தியாயத்தில் ‘டு எக்ஸெஸ்’ வந்த ஞாயிறன்று மூவரும் என்னைக் கேட்காமலே இரண்டாம் அத்தியாயத்துக்குப் பக்கங்களைப் புரட்டிச் சென்று, பழைய கட்டளையின்மேல் விரல் வைத்து ஒப்பிட்டார்கள். நான் மூன்று மாதம் முன்னிடைச் சொல் பாடம் நடத்தியிருந்தாலும் அது நடந்திருக்காது.

கற்போரின் திண்டாட்டமும் கதைக்குள்ளேயே இருக்கிறது. பாக்ஸர் என்ற குதிரைக்கு நான்காம் எழுத்தான ‘டி’யைத் தாண்ட முடிவதில்லை. க்ளோவர் என்ற பெண் குதிரைக்கு எழுத்துகள் தெரியும், சொல்லாகக் கூட்டத் தெரியாது. கட்டளையில் ஐயம் வந்ததும் மியூரியல் என்ற ஆட்டை அழைத்து வாசிக்கச் சொல்கிறது. தந்திரத்தைக் குறிக்கும் ‘டாக்டிக்ஸ்’ என்ற சொல்லுக்குப் பொருள் புரியாத விலங்குகள், அதைச் சொன்ன பன்றியின் சாமர்த்தியத்துக்கும் நாய்களின் உறுமலுக்கும் பணிந்து ஒப்புக்கொள்கின்றன. உணவுப் பங்கைக் குறைத்துவிட்டு, அதைக் குறைப்பு என்று சொல்லாமல் ‘ரீஅட்ஜஸ்ட்மென்ட்’, அதாவது மறுசீரமைப்பு, என்கின்றன பன்றிகள். வணிகவியல் மாணவியருக்கு அந்தச் சொல்லை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

குறைகளும் உண்டு. முதல் அத்தியாயத்தில் கிழப் பன்றி ஆற்றும் நீண்ட உரை ஒரு மதில்போல் நிற்கிறது; அதற்கு மட்டும் இரண்டு ஞாயிறுகள் தேவைப்பட்டன, ஒருத்தி வருவதை நிறுத்திவிடும் எண்ணத்திலும் இருந்தாள். நாவல் மறைமுகமாகச் சாடும் 1917 ரஷ்யப் புரட்சியையும் அதன் தலைவர்களான ஸ்டாலின், ட்ராட்ஸ்கி இருவரின் பிளவையும் அறியாமல் கதையை வாசிக்கலாம், ஆனால் ஏழாம் அத்தியாயத்துக் கொலைகளுக்குப் பிறகு கேள்விகள் வந்தே தீரும். க.நா.சு. தமிழாக்கிய ‘விலங்குப் பண்ணை’யைப் பக்கத்திலேயே வைத்து வரிக்கு வரி பார்ப்பதை நான் அனுமதிக்கவில்லை, அத்தியாயம் முடிந்த பிறகு புரட்டலாம் என்றேன்.

பதிப்பைப் பற்றியும் ஒரு சொல். ஆர்வெல் 1950இல் மறைந்ததால் இந்தியச் சட்டத்தின் 60 ஆண்டுக் கணக்குப்படி நாவலின் காப்புரிமை இங்கே முடிந்துவிட்டது. யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். நான் முதலில் வாங்கிய மலிவுப் பதிப்பில், கட்டளைகள் எழுதப்பட்ட சுவரில் ‘ஃப்ரெண்ட்’ என்ற சொல்லின் இரண்டு எழுத்துகள் இடம் மாறியிருந்தன என்று ஆர்வெல் சொல்லும் இடத்தில், யாரோ அக்கறையாக அந்தப் பிழையைத் திருத்தி அச்சிட்டிருந்தார்கள். ‘ஃப்ரெண்ட்’ என்பது ‘ஃப்ரெண்ட்’ என்று எழுதப்பட்டிருந்தது என்ற வரியை மூவரும் மாறி மாறி வாசித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள். கூடக் கொஞ்சம் கொடுத்து நல்ல பதிப்பாக வாங்குவது நல்லது. கற்பவரால் அச்சுப்பிழையையும் தன் அறியாமையையும் பிரித்தறிய முடியாது.

ஆர்.கே. நாராயணின் ‘ஸ்வாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்’ எங்கள் கணக்கில் இரண்டாம் இடம் பெற்றது. 1935இல் வெளிவந்த அந்த நாவலில் பாட்டி, திங்கட்கிழமைக் காலை, தலைமையாசிரியரின் பிரம்பு எல்லாம் நமக்குத் தெரிந்தவை, அத்தியாயங்களும் குட்டையானவை. தெரிந்த உலகம் என்பதாலேயே தெரியாத சொல்லை ஊகித்துக்கொண்டு நகர்ந்துவிடுவது அங்கே எளிதாகிறது. வாசிக்கும் இன்பத்துக்கு அது நல்லது, சொல் சேமிப்புக்கு அத்தனை நல்லதன்று. வாசிப்பே வெறுத்துப்போனவர்களுக்கு நான் இதையே முதலில் கொடுப்பேன்.

‘தி ஓல்ட் மேன் அண்ட் தி சீ’யில் சொற்கள் திரும்ப வருவது இன்னும் அதிகம், வாக்கியங்கள் இன்னும் எளியவை. ஆனால் 1952இல் வெளிவந்த அந்த நாவலுக்கு அத்தியாயப் பிரிவே கிடையாது என்பதால் வாரம் ஒருமுறை கூடுபவர்களுக்கு நிறுத்துமிடம் அகப்படாது. தோணி, தூண்டில் கயிறு, எறியீட்டி என்று அதன் சொற்கள் எல்லாம் கடலைச் சேர்ந்தவை. தூத்துக்குடியிலோ நாகப்பட்டினத்திலோ கடலோடிக் குடும்பத்துப் பிள்ளைகளோடு வாசித்தால் என் வரிசை தலைகீழாகலாம். எங்கள் மூவரில் எவரும் தோணியில் ஏறியவர்கள் அல்லர்.

நான் சொல்பவை அனைத்தும் மூன்று பேரோடு கழித்த பதினான்கு ஞாயிறுகளை வைத்துச் சொல்பவை. அவர்கள் ஆங்கிலச் செய்தித்தாளின் தலைப்புகளையும் கல்லூரிப் பாடங்களையும் தட்டுத்தடுமாறியேனும் வாசிக்கக்கூடியவர்கள். அதற்குக் கீழ்நிலையில் இருப்பவரை நேராக ஆர்வெல்லிடம் கொண்டுபோய் நிறுத்தச் சொல்ல எனக்குத் துணிவில்லை. இரண்டு மூன்று சுருக்கப் பதிப்புகளையும் ‘தி ஹாப்பி பிரின்ஸ்’ கதையையும் முடித்துவிட்டு வரட்டும். பள்ளிச் சிறுவர்களோடு நான் இப்படி வாசித்துப் பார்த்ததில்லை.

அடுத்ததாக அந்தக் கிழவனின் கடலையே எடுக்கலாம் என்று மூவரும் ஒருமனதாகச் சொல்லிவிட்டார்கள். அத்தியாயம் இல்லாத குறையைத் தீர்க்க, பொழுது விடியும் இடத்திலும் சாயும் இடத்திலும் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.