பெயரில்லாத குளிசை உறைகள்

லண்டனுக்குத் திரும்பி ஒரு வாரமாகியும் கொழும்பு வெள்ளவத்தையில் அக்கா வீட்டில் பார்த்த அந்தக் காகித உறைகள் கண்ணை விட்டு அகலவில்லை.

ஒரு மாலை அத்தானோடு மரைன் டிரைவில் நடந்தேன். தண்டவாளம், உப்புக் காற்று, கடலை வண்டி எல்லாம் அப்படியே இருந்தன. செருப்பைச் சரிசெய்யக் குனிந்து நிமிர்ந்தவர், "கண் இருட்டுகிறது" என்று மதிலைப் பிடித்துக்கொண்டார். வயது 54. சீனி வருத்தமும் பிரஷரும் உண்டு. வெறும் வயிற்றில் சீனி 162 என்றார். நாங்கள் லண்டனில் பார்க்கும் மில்லிமோல் அளவில் அது 9.

வீட்டுக்கு வந்ததும் அவருடைய பிஸ்கட் டின்னைத் திறந்தேன். ஐந்து உறைகள். ஒன்றில் "காலை 1", இன்னொன்றில் "இரவு 1". மருந்தின் பெயர் எதிலும் இல்லை. குளிசை அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டிப் போட்டிருக்கிறார்கள். பெயரும் காலாவதித் திகதியும் மற்றத் துண்டோடு கடையிலேயே நின்றுவிட்டன.

வாங்கிய கடைக்கே கொண்டுபோனேன். "வெள்ளையும் பிரஷருக்கு, பச்சையும் பிரஷருக்கு அண்ணா" என்றான் கவுண்டரில் நின்ற பையன். உள்ளேயிருந்த மருந்தாளர் பெட்டிகளை எடுத்துக் காட்டினார். இரண்டும் லொசார்டன் 50 மில்லிகிராம். கம்பெனிதான் வேறு. ஒன்று, அரச கிளினிக்கில் இருப்பு இல்லாததால் வெளியே வாங்கச் சொன்னது. மற்றது தனியார் டாக்டர் எழுதியது. ஒருவர் எழுதியதை மற்றவர் பார்த்ததே இல்லை. அத்தான் இரண்டு மாதமாக இரண்டையும் ஒழுங்காக விழுங்கியிருக்கிறார். ஒழுங்காக! அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

இங்கிலாந்தில் சீனிக்கு மருந்து எடுப்பவர்களுக்கு மருந்துச் சீட்டுக் கட்டணமே கிடையாது. ஒவ்வொரு பெட்டியிலும் நோயாளியின் பெயர், மருந்தின் பெயர், அளவு எல்லாம் அச்சிட்டு ஒட்டியிருக்கும். அவ்வளவையும் நான் கொழும்பில் கேட்கவில்லை. 2022 இல் விலை ஏறியதிலிருந்து அத்தான் பத்துப் பத்தாகத்தான் வாங்குகிறார். வெட்டிக் கொடுக்காவிட்டால் அவருக்கு மருந்தே இல்லை. வெட்டிய கையால் உறையில் ஒரு சொல் எழுதினால் போதும்.

மறுநாள் டாக்டர் இரண்டு சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, ஒன்றை நிறுத்தினார். புறப்படுமுன் ஐந்து உறைகளிலும் மருந்தின் பெயரைத் தமிழில் பெரிதாக எழுதி வைத்தேன். நேற்று அக்கா தொலைபேசியில் சொன்னாள், புதிதாக வாங்கி வந்த உறையில் "காலை 1" மட்டும்தான் இருக்கிறதாம்.