சுண்டிக்குளம்: ஆறு மாரி, மூன்று பெயரிங்

நேற்றுத்தான் மோட்டார் சைக்கிளைக் கராஜில இருந்து எடுத்தனான். பின்சில்லுப் பெயரிங்கும் செயினும் போச்சு. "திருப்பியும் சுண்டிக்குளமோ அண்ணை?" எண்டான் மெக்கானிக் தம்பி. துருவைப் பார்த்தே ஊர் சொல்லுறான்.

லண்டன் மச்சான் பொங்கலுக்கு வாறானாம். பிள்ளையளோட சுண்டிக்குளம் போகலாமோ எண்டு கேட்டிருக்கிறான். மச்சான், யாழ்ப்பாணத்துக்குத் தென்கிழக்க கிடக்கிற அந்தப் பரவைக்கடல் (உப்பங்கழி) 1938 இல பறவைச் சரணாலயம் ஆனது, 2015 இல தேசியப் பூங்கா ஆனது எல்லாம் உனக்குத் தெரியும். சேற்றைப் பற்றித்தான் ஒருத்தரும் சொல்லியிருக்க மாட்டினம்.

மாரி முடிஞ்சு பரவைக்கடல் வத்த வத்தக் கரையெல்லாம் உப்புப் பொருக்கு. சீமெந்து மெழுகினது போலக் கிடக்கும். கால் வைச்சால் தாங்கும். சில்லு ஏறினால் அப்பளம். கீழ கூழ்முட்டை மணத்தோட கறுத்தச் சேறு. மூன்று தரம் புதைஞ்சனான். கடைசித் தரம், யாரோ போன கிழமை புதைஞ்ச தடத்துக்குப் பக்கத்திலயே இறக்கினன். அந்தக் கரையில ஒரு கட்டை நட்டு 'வாகனம் இறக்காதேங்கோ' எண்டு எழுத எவ்வளவு செலவாகும்? சரி, எழுதியிருந்தாலும் நான் இறக்கியிருப்பன்.

ஏனெண்டால் பூநாரையள் எப்பவும் அக்கரையிலதான். நீங்கள் ஒரு முழம் கிட்டப் போனால், பறக்காமல், கலியாண வீட்டில கடன்காரனைக் கண்ட ஆக்கள் போல எல்லாம் ஒண்டாய் ஒரு முழம் தள்ளி நடக்கும். போனில எடுத்தால் ஒரு ரோஸ் கோடு. ஐஞ்சு வருஷமாய் என்னட்டை அந்தக் கோடுதான் இருந்தது.

கண்டல், பனங்கூடல், ஊசிவால் வாத்து, சங்குவளை நாரை எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ராத் தங்கிறது பூங்காவுக்கு வெளிய, கட்டைக்காட்டுப் பக்கம் தெரிஞ்ச ஒருத்தரின்ர மீன்பிடி வாடியில, டென்ட் அடிச்சு. விடியக் கரைவலை இழுக்கிறதைப் பார்க்கலாம். மாரிக்கடலில குளிக்காதேங்கோ. குடிதண்ணி கொண்டு போங்கோ.

போன மாசி புதைஞ்சு, உழவு மெசினுக்கு ஆள் அனுப்பிப்போட்டு, பைக்கோட பைக்காய் ஒரு மணித்தியாலம் அசையாமல் இருந்தன். பூநாரையள் என்னை மறந்திட்டுதுகள். இருபது யார் கிட்ட வந்து, தலையைக் கவிட்டுச் சொண்டைத் தண்ணிக்க வைச்சு அரிக்கிற சத்தம், அம்மா அரிசி களையிற சத்தம் போல. சொண்டு நுனி மை தொட்டது போலக் கறுப்பு. சாம்பல் நிறக் குஞ்சொண்டு மட்டும் பின்னுக்கு, தன்ர பாட்டில. பிறகு மெசின் வந்திட்டுது.

மச்சான், பிள்ளையளோட போகாதை. காரைநகர் கசூரினாவுக்குக் கூட்டிக்கொண்டு போ. மணல் கெட்டி, நிழல் இருக்கு, ஐஸ்கிறீம் இருக்கு.

நான் தை கடைசியில போறன். செயினுக்குக் கிறீஸ் கனக்கப் பூசச் சொல்லியிருக்கு.