அனாதை இல்லச் சேவைப் பயணம்: கம்போடியாவில் எங்கள் மாணவர்களுக்கு நேர்ந்தது

சிங்கப்பூரில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். கடந்த டிசம்பர் விடுமுறையில், உயர்நிலை மூன்றில் படிக்கும் 18 மாணவர்களை இன்னோர் ஆசிரியருடன் சேர்ந்து கம்போடியாவின் சியாம் ரீப் நகருக்கு ஒன்பது நாள் சேவைப் பயணமாக அழைத்துச் சென்றேன். அந்தப் பயணத்தை ஏற்பாடு செய்த நிறுவனம் எங்களை ஏமாற்றிய விதத்தையும், புறப்படும் முன் நான் கேட்கத் தவறியவற்றையும், அடுத்த ஜூன் விடுமுறைக்கு இப்போதே திட்டமிட்டுக்கொண்டிருக்கும் ஆசிரியர்களுக்காக எழுதுகிறேன்.

ஒரு மாணவருக்கு 1,650 வெள்ளி கட்டணம். சில பெற்றோர், மாணவர்களுக்கான அரசின் கல்வி நிதிக் கணக்கான எடுசேவிலிருந்து ஒரு பகுதியைச் செலுத்தினார்கள். துப்புரவுப் பணி செய்யும் ஒரு தாயார் மூன்று தவணைகளில் கட்டி முடித்தார். இதில் தலைக்கு 250 வெள்ளி, அதாவது மொத்தம் 4,500 வெள்ளி, அனாதைக் குழந்தைகள் 32 பேர் வாழும் இல்லமொன்றுக்குக் கழிப்பறை கட்டுவதற்கும் சமையலறைச் சுவருக்கு வண்ணம் பூசுவதற்கும் என்று நிறுவனம் தந்த தாளில் தெளிவாக எழுதியிருந்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கழிப்பறை ஏற்கெனவே கட்டி முடிக்கப்பட்டிருந்தது. கொத்தனார் முன்கூட்டியே கிடைத்துவிட்டதால் வேலையை முடித்துவிட்டதாக ஒருங்கிணைப்பாளர் சொன்னார், நானும் நம்பினேன். எங்கள் பள்ளியின் பெயர் பொறித்த பலகையை மாணவர்கள் மாட்டியபோது, அதே சுவரில் வேறொரு பலகையைக் கழற்றிய நான்கு திருகாணித் துளைகள் இருந்ததைக் கண்டும் நான் எதையும் கேட்கவில்லை. மறுநாள் சமையலறைச் சுவரை உப்புத்தாளால் தேய்த்தபோது, நீல வண்ணத்துக்கு அடியில் பச்சையும், அதற்கும் அடியில் மஞ்சள் நிறத்தில் பதித்த சிறு சிறு உள்ளங்கை அடையாளங்களும் வெளிப்பட்டன. எங்களுக்கு முன் எத்தனையோ குழுக்கள் அதே சுவருக்கு வண்ணம் பூசியிருந்தன. அங்கிருந்த பதினான்கு வயதுச் சிறுவன், வருகிறவர்களிடமே கற்றுக்கொண்ட ஆங்கிலத்தில், அடுத்த குழு திங்கட்கிழமை வரும் என்று இயல்பாகச் சொன்னான். கெமர் புத்தாண்டுக்கு ஏப்ரலில் தன் அம்மாவைப் பார்க்க பட்டம்பாங் பக்கம் போவதாகவும் அவனே சொன்னான். அவன் அனாதை இல்லை.

எங்கள் மாணவர்கள் வகுப்பு வகுப்பாகச் சென்று சேர்த்த பணத்தில், ஒருங்கிணைப்பாளர் காட்டிய கடையில், 50 கிலோ அரிசி மூட்டைகள் பத்து வாங்கி அந்த இல்லத்தில் இறக்கினோம். ஒரு மாணவி ஒரு மூட்டையின் ஓரத்தில் 'வாழ்க' என்று தமிழில் பேனாவால் எழுதியிருந்தாள். மூன்றாம் நாள் தண்ணீர்ப் புட்டி வாங்க அதே கடைக்குப் போனபோது, அந்த மூட்டை விற்பனைக்கு அடுக்கிவைக்கப்பட்டிருந்தது. "சார், இது என் கையெழுத்து" என்று அவள் சொன்னபோது அவள் முகத்தை என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை. அரிசியைக் கடைக்கே திருப்பிக் கொடுத்து பணத்தைப் பங்கிட்டுக்கொள்வது அந்த ஊரில் புதிதல்ல என்று விடுதிக்காரர் பிறகு சொன்னார்.

திரும்பி வந்த பிறகுதான், போவதற்கு முன் படித்திருக்க வேண்டியவற்றைப் படித்தேன். கம்போடிய அரசும் யுனிசெஃபும் 2011இல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்நாட்டின் குழந்தைகள் இல்லங்களில் வாழ்கிறவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருந்தார்கள். 2005 முதல் 2010 வரையிலான ஐந்தே ஆண்டுகளில் இத்தகைய இல்லங்களின் எண்ணிக்கை 75 விழுக்காடு உயர்ந்திருந்தது. படிப்பும் சாப்பாடும் கிடைக்கும் என்று வறிய பெற்றோரிடம் சொல்லி, இல்லங்களை நடத்துகிறவர்கள் பிள்ளைகளை அழைத்து வருகிறார்கள். பிள்ளைகள் அங்கே இருக்கும்வரை வெளிநாட்டுக் குழுக்களும் நன்கொடையும் வந்துகொண்டிருக்கும். ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2019 டிசம்பரில் நிறைவேற்றிய தீர்மானத்தில் இத்தகைய இல்லங்களை நாடிச் செல்லும் தன்னார்வப் பயணங்கள் தரும் தீங்கையும் குறிப்பிட்டிருக்கிறது. நாங்கள் கட்டிய 4,500 வெள்ளி அந்தச் சிறுவன் தன் தாயிடமிருந்து பிரிந்திருப்பதற்கு ஒரு காரணமாகிவிட்டது என்பதே எனக்குப் பணத்தை இழந்ததைவிடப் பெரிய வேதனை.

ஆகவே, குழந்தைகள் தங்கியிருக்கும் இல்லம் எதற்கும் மாணவர்களை அழைத்துச் செல்லாதீர்கள். உங்கள் பள்ளிக்குள் முன்பின் தெரியாத பதினெட்டுப் பேர் ஒரு வாரம் வந்து பிள்ளைகளோடு விளையாடிப் படமெடுக்க நீங்கள் அனுமதிப்பீர்களா என்று எண்ணிப் பாருங்கள். கிணறோ கழிப்பறையோ கட்டும் பணியாக இருந்தால், அதைக் கேட்டது யார், கட்டப்போகும் உள்ளூர்க் கொத்தனார் யார், வேலை இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் காணொளி அழைப்பில் நேரில் காட்டச் சொல்லுங்கள். திட்டச் செலவை மொத்தக் கட்டணத்துக்குள் சேர்க்காமல், பொருள் வாங்கிய ரசீதுகளோடு தனியாகக் கணக்குக் கேளுங்கள். சென்ற ஆண்டு அதே இடத்துக்குச் சென்ற பள்ளியின் ஆசிரியரிடம் நீங்களே பேசுங்கள். நிறுவனம் தரும் பாராட்டுக் கடிதம் போதாது. இவற்றில் ஒன்றையாவது நான் செய்திருந்தால் சுவரிலிருந்த துளைகள் புறப்படும் முன்பே தெரிந்திருக்கும்.

நிறுவனத்துக்கு ரசீதுகளையும் படங்களையும் இணைத்துக் கடிதம் எழுதினோம். உள்ளூர்ப் பங்காளியின் தவறுக்குத் தாங்கள் பொறுப்பில்லை என்றும், இதைப் பற்றி வெளியில் பேசுவதில்லை என்று கையெழுத்திட்டால் 500 வெள்ளி தருவதாகவும் பதில் வந்தது. பள்ளி மறுத்துவிட்டது, பயனீட்டாளர் சங்கத்தில் புகார் அளித்திருக்கிறோம். பெற்றோரைக் கூட்டி நடந்ததை முழுமையாகச் சொல்லி மன்னிப்பும் கேட்டேன். அந்நிறுவனத்தின் ஜூன் மாத விளம்பரத்தில் எங்கள் மாணவர்கள் அந்த இல்லத்துப் பிள்ளைகளைத் தோளில் சுமந்து சிரிக்கும் படம் இருக்கிறது. அதை நீக்கக் கோரி இரண்டு முறை எழுதிவிட்டோம். இன்று காலைவரை அது நீக்கப்படவில்லை.