மாத்திரையா, இஞ்சியா? டர்பனில் கப்பல் ஏறும் முன்

டர்பனிலிருந்து மொசாம்பிக் பக்கம் போகும் கப்பலில் கடல் குமட்டல் என்றால் என்னவென்று முதல் இரவே தெரிந்துவிடும். தென்மேற்குக் காற்று, தென்னாப்பிரிக்கக் கிழக்குக் கரையோரம் தெற்கு நோக்கி ஓடும் அகுல்லாஸ் நீரோட்டத்துக்கு எதிரே அடித்தால் அலை செங்குத்தாக எழும், குடல் வாய்க்கு வரும். குமட்டலை அடக்கும் டைமென்ஹைட்ரினேட் மாத்திரை நன்றாகவே கேட்கும், ஆனால் அரைமணி, ஒருமணி நேரம் முன்பே போட்டுவிட வேண்டும், வாந்தி தொடங்கியபின் போட்டால் அதுவும் சேர்ந்து வெளியே வந்துவிடும். தூக்கம் வேறு சொக்கும். எனக்கு இரவுச் சாப்பாடே போச்சு. மதுவோடு கூடவே கூடாது.

இஞ்சி? ஆயா தோல் சீவி, உப்புத் தடவி, வெயிலில் காயவைத்துத் தந்த துண்டை வாயில் அடக்கிக்கொண்டு, நடுத்தளத்தில் தொடுவானத்தைப் பார்த்தபடி நின்றேன். லேசான குமட்டலுக்குச் சரி, தூக்கமும் வராது. பெரிய அலைக்குப் பத்தாது. அதனால் இரவுக்கு மாத்திரை, பகலுக்கு இஞ்சி என்று வைத்துக்கொண்டேன். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் மட்டும் இஞ்சியை அள்ளித் தின்னும் முன் டாக்டரைக் கேட்டுவிடுங்கள்.