ஐசோட்ரெட்டினாயின் எட்டு மாசம்: மூஞ்சி தேறிடுச்சு, உதடு தான் போச்சு

சித்தி பொண்ணு நேத்து நைட்டு மெசேஜ் போட்டிருந்தா. "அண்ணா, அந்த பரு மாத்திரை பேர மட்டும் சொல்லு, இங்க மெடிக்கல்லயே வாங்கிக்கிறேன், வெறும் வைட்டமின் தானே"ன்னு. வர்ற தைல கல்யாணம் அவளுக்கு. ரெண்டு வரில பதில் சொல்லலாம்னு ஆரம்பிச்சேன், இவ்ளோ நீளமாயிடுச்சு.

ஐசோட்ரெட்டினாயின் 20 மில்லிகிராம், தினம் ஒண்ணு, 8 மாசம். என் வெயிட் 64, கணக்கு போட்டா கிலோவுக்கு 0.3 மில்லிகிராம் தான் வருது, வழக்கமா 0.5ல இருந்து 1 வரைக்கும் குடுப்பாங்களாம், அதான் லோ டோஸ். பரு போச்சானா போச்சு. முதல் மாசம் முன்னவிட கேவலமா கெளம்புச்சு, மூணாவது மாசத்துக்கு அப்புறம் புதுசா எதுவும் வரல. அதுல சொல்ல அவ்ளோதான்.

உதட்ட பத்தி தான் பேசணும் எனக்கு. மஞ்சக்குப்பத்துல இருந்து பாண்டிக்கு தினம் பைக்ல போறவன் நான். தவளக்குப்பம் தாண்டுறதுக்குள்ள உதடு காஞ்சு தோல் எந்திரிச்சு நிக்கும், ஹெல்மெட்டுக்குள்ள நாக்க வச்சு தடவாம இருக்க முடியாது, தடவுனா இன்னும் காயும். கொட்டாவி விட்டா வாய் ஓரம் கிழியும். பேஸ்ட் எரியும். ஞாயித்துக்கிழமை அம்மா சங்கரா மீன் கொழம்பு வைப்பாங்க, நான் சோத்த ஸ்பூன்ல அள்ளி உதட்டுல படாம நேரா உள்ள எறக்குவேன், பச்ச புள்ளைக்கு ஊட்டுற மாதிரி எனக்கு நானே ஊட்டிக்கிட்டேன். வாசலின் டப்பா எப்பவும் சட்டப்பையில, மே மாச வெயில்ல அது உருகி நல்ல சட்டைங்க ரெண்டு எண்ணெய் கறையோட போச்சு. ஆஃபீஸ்ல "என்னடா லிப்ஸ்டிக்கா"ன்னு கேட்டான் ஒருத்தன். டாக்டர்கிட்ட பொலம்புனா, "உதடு காயலனா தான் நீ மாத்திரைய ஒழுங்கா போடலன்னு அர்த்தம்"னு சிரிக்கிறார்!

நியாயமா ஒண்ணு சொல்லணும். எண்ணெய் சுரப்பியவே சுருக்கிடுது இந்த மருந்து. முன்னாடி மத்தியானம் 12 மணிக்கெல்லாம் என் நெத்தில அப்பளம் பொரிக்கலாம், ஹெல்மெட் உள்பஞ்சு பிசுபிசுன்னு நாறும், தலகாணி உறை மஞ்சளாயிடும். எல்லாம் நின்னு போச்சு. ரெண்டு நாள் தலைக்கு குளிக்கலனாலும் முடி அப்டியே பறக்குது. இத யாரும் எனக்கு முன்னாடி சொல்லல, பரு போனதவிட இதுக்கு தான் ரொம்ப சந்தோஷப்பட்டேன்.

இன்னொரு கூத்து. கொழுப்பு சேர்ந்த சாப்பாட்டோட போட்டா தான் மாத்திரை ஒழுங்கா ஒடம்புல சேரும். நெய் தின்னு தான்டா பரு வருதுன்னு பத்து வருஷமா திட்டுன அம்மா, பருப்பு சாதத்துல நெய்ய ஊத்தி ஊத்தி போட்டாங்க. அடுத்த ரத்த டெஸ்ட்ல ட்ரைகிளிசரைடு, அதான் ரத்தத்துல இருக்குற கொழுப்பு, 210. மருந்தே அத ஏத்தும், இதுல நெய் வேற. டாக்டர் அளவா ஊத்த சொன்னார், அம்மா மூஞ்சி வாடிப்போச்சு.

பாப்பா, இப்ப உன் விஷயத்துக்கு வர்றேன். இந்த மாத்திரை வைட்டமின் ஏ-வுக்கு சொந்தக்காரன் தான், ஆனா வெறும் வைட்டமின் இல்ல. வயித்துல கொழந்த இருக்கும்போது இது உள்ள போனா கொழந்தைக்கு மூளை, இதயம், காது, முகம்னு ஊனம் வர வாய்ப்பு ரொம்ப ஜாஸ்தி. சாப்பிடும்போதும் சரி, நிறுத்தி ஒரு மாசம் வரைக்கும் சரி, கர்ப்பமாகவே கூடாது. ரத்தமே குடுக்க கூடாதுன்னா பாத்துக்கோ, நிறுத்தி ஒரு மாசம் ஆகணும், ஏன்னா அந்த ரத்தம் ஒரு கர்ப்பிணிக்கு போகலாம். எனக்கு ஒரு கடையில சீட்டு கூட கேக்காம எடுத்து குடுத்தாங்க, அதான் பயமா இருக்கு. பேர் இங்கயே இருக்கு, ஆனா சித்திய கூட்டிட்டு தோல் டாக்டர்கிட்ட போ, தைல கல்யாணம்னு மொதல்லயே சொல்லு.

திரும்ப சாப்பிடுவியான்னு கேட்டா, சத்தியமா மாட்டேன். நிறுத்தி 5 மாசம் ஆச்சு, கொழம்ப கையால பெசஞ்சு சாப்பிடுறேன், உதடு உதடா இருக்கு.

போன வாரம் தாடையில ஒரே ஒரு பரு. கண்ணாடிய பாத்துட்டு நேரா போய் பழைய அட்டையில மிச்சம் இருக்கான்னு டிராயர தான் தொறந்தேன். இல்ல. வெள்ளிக்கிழமைக்கு டாக்டர்கிட்ட டோக்கன் போட்டிருக்கேன்.